தீபா கர்மாகர் அந்த உயரத்துக்கு எப்படி வந்தார்? நம் மலையிலிருந்து ஒரு பிள்ளை அப்படி வர முடியுமா?

கேட்டிருப்பவர் கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டியில் (படுகர் கிராமம்) இருக்கும் அம்மா. மகளுக்கு ஏழு வயது. யாரும் சொல்லித் தராமலே தேயிலைக்கு நடுவில் இருக்கும் புல்தரையில் சக்கரம் மாதிரி பக்கவாட்டில் கரணம் போடுகிறாளாம், நின்றபடியே பின்னால் வளைந்து கையை ஊன்றுகிறாளாம். மாமா ஒருவர் போனில், ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தீபா கர்மாகர் 2016 ரியோ ஒலிம்பிக்கில் தாண்டிய வீடியோவைக் காட்டியிருக்கிறார். அன்றிலிருந்து கட்டிலிலிருந்து குதிப்பது நிற்கவில்லை. "அந்தப் பெண் எப்படி அங்கே போனாள்? நாங்கள் மூலையில் இருக்கிறோம், எங்கள் பிள்ளை போக முடியுமா? எங்கே சேர்ப்பது?" என்பது கேள்வி.

முதலில் அந்தக் கட்டில் குதிப்பை நிறுத்துங்கள். காரணம் பின்னால் வருகிறது.

என்னைப் பற்றி இரண்டு வரி. குன்னூரில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சின்ன வயதில் வெலிங்டனில் ராணுவக்காரர்கள் மரப்பெட்டியைத் தாண்டுவதை வேலி ஓரம் நின்று பார்த்துத்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. கல்லூரி நாட்களில் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடினேன், பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. பிறகு பள்ளிப் போட்டிகளுக்கு நடுவராகப் பல வருடம் போனேன். அந்தக் கண்ணோடுதான் பதில் எழுதுகிறேன்.

தீபாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ரியோவில் அவர் செய்த புரொடுனோவா என்ற ஆபத்தான தாவலில் ஆரம்பிப்பார்கள். நான் ரயிலில் ஆரம்பிக்கிறேன். நம் மலை ரயில் 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் ஊட்டிக்கும் வந்துவிட்டது. தீபாவின் ஊரான அகர்தலாவுக்கு ரயில் வந்தது 2008-ல். நூறு வருடம் கழித்து! அதுவும் மீட்டர் கேஜ். அகலப்பாதை வந்தபோது 2016 ஆகிவிட்டது, அவர் ரியோவுக்குப் போன அதே வருடம். 1993-ல் பிறந்த தீபா ஆறு வயதில் பயிற்சியைத் தொடங்கியபோது, அவருடைய ஊர் நம்முடையதைவிட ரொம்பவே ஒதுங்கிய ஊர். நீங்கள் 'மூலை' என்று எழுதியிருந்ததால் இதைச் சொன்னேன்.

ஆனால் அந்த மூலையில் ஒன்று இருந்தது, நம்மிடம் இல்லாதது. 1960-களில் ஹரியானாவிலிருந்து தலிப் சிங் என்ற பயிற்சியாளர் திரிபுராவுக்கு வந்தார். வந்தவர் அங்கேயே ஊன்றிவிட்டார். அவர் கையில் வளர்ந்த மண்டு தேப்நாத் 1975-ல் அர்ஜுனா விருது வாங்கினார். அடுத்து 2000-ல் கல்பனா தேப்நாத் என்ற பெண் அதே விருதை வாங்கினார். அந்த ஊரில் தேசிய சாம்பியனாக இருந்த பிஸ்வேஷ்வர் நந்தி, ஆடுவதை நிறுத்தியதும் பயிற்சியாளர் ஆனார். அவர் மனைவி சோமா நந்தியும் பயிற்சியாளர். தீபாவை முதலில் கையில் எடுத்தது சோமா நந்திதான். பிறகு பிஸ்வேஷ்வர் நந்தி எடுத்துக்கொண்டார், ஓய்வு பெறும் நாள் வரை அவரேதான். நான்கு தலைமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். தீபா முளைப்பதற்கு முன்பே நிலம் முப்பது வருடம் உழுது கிடந்தது.

டி.வி.க்காரர்கள் இதைச் சொல்வதில்லை. ஏழைப் பெண், மன உறுதி, ஒலிம்பிக் என்று மூன்று வரியில் முடித்துவிடுவார்கள். சொல்லப்போனால் அது விளையாட்டு தெரியாத வீடும் இல்லை. அப்பா துலால் கர்மாகர் இந்திய விளையாட்டு ஆணையத்தில் பளுதூக்கும் பயிற்சியாளர். மகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர்தான். ஆரம்பத்தில் பிள்ளைக்கு அவ்வளவு இஷ்டமும் இல்லை. உங்கள் மகள் விஷயத்தில் அந்தக் கவலை இல்லை, சந்தோஷம்.

சேர்த்த பிறகு ஒரு சிக்கல் தெரிந்தது: தட்டைப் பாதம். உள்ளங்காலில் நமக்கெல்லாம் வில் மாதிரி ஒரு வளைவு இருக்கும். ஓடும்போதும் குதித்து இறங்கும்போதும் அதுதான் ஸ்பிரிங். அது இல்லாத பிள்ளைக்கு இறங்கும் அதிர்ச்சி நேராகக் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் ஏறும், பலகையை உதைத்து எழும் விசையும் குறையும். பல பயிற்சியாளர்கள் 'வேறு விளையாட்டு பாருங்கள்' என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். நான் அனுப்பியிருப்பேன், உண்மையைச் சொல்கிறேன். நந்தி தம்பதி அனுப்பவில்லை. பாதத்துக்கென்றே தனிப் பயிற்சி கொடுத்து, வருடக்கணக்கில் அந்த வளைவை வரவழைத்தார்கள்.

உங்கள் மகளுக்கு இன்றே பார்க்கலாம். உள்ளங்காலை நனைத்து, காய்ந்த சிமெண்ட் தரையில் ஒரு அடி வைக்கச் சொல்லுங்கள். பாதத்தின் உள்பக்கம் நடுவில் பதியாமல் விட்டிருந்தால் வளைவு இருக்கிறது. முழுசாகப் பதிந்தால் உடனே பயப்பட வேண்டாம். இந்த வயதில் பல பிள்ளைகளுக்கு அந்த வளைவு இன்னும் முழுதாக உருவாகியிருக்காது. விரல் நுனியில் நடப்பது, தரையில் கிடக்கும் துணியைக் கால் விரலால் சுருட்டுவது, இந்த இரண்டையும் தினம் பத்து நிமிடம் செய்யச் சொல்லுங்கள். வலி என்று சொன்னால் மட்டும் எலும்பு டாக்டர்.

அகர்தலாவில் அப்போது இருந்த சாமான்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய ஸ்கூட்டரின் பாகங்களைக் கொண்டு வால்ட் (ஓடி வந்து மேசையில் கை ஊன்றித் தாவும் பிரிவு) தாண்டுவதற்கு ஏற்பாடு செய்து ஆடினார்கள். தடித்த மேட் கிடைக்காத இடத்தில் மெல்லிய மேட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். முதல் போட்டிக்குப் போனபோது போட்டிருந்தது இரவல் உடை, அளவும் பெரிது. இதைப் பெருமையாகச் சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. மேட் சரியில்லாமல் தாண்ட வைப்பது தப்பு, அவ்வளவுதான். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் (பெயர் வேண்டாம்) தேங்காய் நார் மெத்தைதான் இருந்தது. ஐப்பசி மழையில் பூஞ்சை பிடித்து, அடிப்பக்கம் வழுவழு என்று ஆகிவிட்டது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பெட்டியைத் தாண்டி இறங்க, மெத்தை தரையில் நகர, மணிக்கட்டு உடைந்தது. மெத்தையைத் திருப்பிப் பார்க்காதது என் குற்றம். மறுநாளே பெட்டியை அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். அந்தப் பூட்டு நான் ஓய்வு பெறும் வரை திறக்கவில்லை. அகர்தலாவில் நந்தி பூட்டவில்லை, மேட்டை அடுக்கினார். அங்கே நடந்ததற்கும் இங்கே நடந்ததற்கும் நடுவில் இருந்த வித்தியாசம் ஓர் ஆள்தான், பணம் இரண்டு இடத்திலும் இல்லை.

சரி, போட்டிக் கணக்குக்கு வருவோம். ஜல்பைகுரியில் நடந்த ஜூனியர் தேசியப் போட்டியில் ஜெயித்ததில் வெளிச்சம் விழுந்தது. 2010-ல் டெல்லி காமன்வெல்த் போட்டிக்கான இந்திய அணியில் இடம். அங்கே ஆஷிஷ் குமார் ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் வாங்கி, ஜிம்னாஸ்டிக்ஸில் இந்தியாவின் கணக்கைத் தொடங்கினார். தீபாவுக்கு வெறுங்கை. அடுத்த வருடம் தேசிய விளையாட்டுப் போட்டியில் திரிபுராவுக்காக இறங்கி ஐந்து தங்கம்: ஒட்டுமொத்தத்துக்கு ஒன்று, நான்கு கருவிகளுக்கும் தலா ஒன்று. பெண்கள் பிரிவில் கருவிகள் நான்கு. வால்ட், அன்ஈவன் பார்ஸ் (உயரம் வேறுபட்ட இரண்டு கம்பிகள்), பீம் (ஒடுக்கமான கட்டை), ஃப்ளோர் (தரை). அந்த நான்கிலும் இந்தியாவில் அவருக்கு மேல் ஆள் இல்லை என்றாகிவிட்டது. ஆனால் உலகத்துக்கு முன்னால் அது போதாது. இங்கேதான் அந்தக் குரு சிஷ்யை ஜோடி எடுத்த முடிவு எனக்கு ரொம்பப் பிடித்தது.

அதற்கு மார்க் போடும் முறை தெரிய வேண்டும். 1976-ல் மான்ட்ரியாலில் நாடியா கொமனேச்சி பதினான்கு வயதில் வாங்கிய பத்துக்குப் பத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பத்து இப்போது இல்லை. 2006-லிருந்து மார்க் இரண்டு பாகம். என்ன செய்தாய் என்பதற்கு ஒன்று, அதுதான் கடினப் புள்ளி. எப்படிச் செய்தாய் என்பதற்கு இன்னொன்று, அது பத்திலிருந்து குறைத்துக்கொண்டே வரும். கால் விரிந்தால் கொஞ்சம், தப்படி வைத்தால் கொஞ்சம், விழுந்தால் முழுசாக ஒன்று போகும். இரண்டையும் கூட்டினால் மார்க்.

2013 முதல் 2016 வரை இருந்த விதிப் புத்தகத்தில் புரொடுனோவாவுக்குக் கடினப் புள்ளி 7.0. முன்னணி வீராங்கனைகள் செய்துகொண்டிருந்த அமனார் தாவலுக்கு 6.3. தாண்டுவதற்கு முன்பே 0.7 கையில். பார்ஸிலும் பீமிலும் பெரிய நாட்டுப் பிள்ளைகளை எட்ட, நல்ல கருவிகளும் நடனப் பயிற்சியும் பத்து வருடமும் வேண்டும். வால்டுக்கு ஓட ஒரு தடம், ஒரு ஸ்பிரிங் போர்டு, ஒரு மேசை, இறங்க மேட். கையில் இருப்பது கொஞ்சமானால் அதை எங்கே கொட்டுவது என்ற கணக்கு இது. கால் ஏக்கர் வைத்திருப்பவர் அதில் பத்து வகைப் பயிர் வைக்கமாட்டார், கேரட் என்றால் கேரட்தான் போடுவார்.

ஆனால் அந்த 0.7-ஐ யாரும் சும்மா கொடுக்கவில்லை. புரொடுனோவா என்பது இதுதான்: அதிகபட்சம் 25 மீட்டர் ஓட்டம். போர்டை உதைத்து, 1.25 மீட்டர் உயர மேசையில் கை ஊன்றி, தலைகீழாக எழும்பி, காற்றிலேயே முன்பக்கமாக இரண்டு முழுக் கரணம் சுருண்டு அடித்து, காலில் இறங்க வேண்டும். பின்பக்கக் கரணத்தில் இறங்குவதற்கு முன் கண்ணுக்குத் தரை தெரிந்துவிடும். முன்பக்கக் கரணத்தில் தரை கடைசி நொடியில்தான் தெரியும், அதற்குள் கால் ஊன்றியாக வேண்டும். கல்லட்டி இறக்கத்தில் மூடுபனிக்குள் கொண்டை ஊசி வளைவைத் திருப்புகிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வளைவு எங்கே என்று கண் சொல்லாது, பழகிய கை சொல்ல வேண்டும். சுற்று ஒரு முழம் குறைந்தால் கழுத்து. 1999-ல் ரஷ்யாவின் எலெனா புரொடுனோவா போட்டியில் இதைச் செய்து காட்டியதால் அந்தப் பெயர். அதற்குப் பிறகு போட்டியில் இதை முடித்த பெண்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம்.

நந்தி வீடியோ பார்த்துப் பார்த்து இதைப் பிரித்துப் படித்தார். முழுத் தாவலை ஒரேயடியாகச் சொல்லிக் கொடுக்க முடியாது. முதலில் ஒரு கரணம், இறங்குவதற்குத் தாண்டும் மேசை அளவுக்கு மேட்டை உயர்த்தி அடுக்கி. பிறகு அடுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து. பிறகு இரண்டு கரணம், ஃபோம் துண்டுகள் நிரப்பிய குழிக்குள். அதற்கும் பிறகுதான் மேட். ஒவ்வொரு படியிலும் ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப. எல்லா ஊரிலும் வழி இதுதான்.

பலன் 2014-ல் வந்தது. கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வால்டில் சராசரி 14.366, வெண்கலம். காமன்வெல்த்தில் பதக்கம் வாங்கிய முதல் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை. அதே வருடம் இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் நான்காமிடம். 2015-ல் ஹிரோஷிமாவில் ஆசிய சாம்பியன்ஷிப் வெண்கலம், வருடக் கடைசியில் மறுபடி கிளாஸ்கோவில் உலக சாம்பியன்ஷிப்பின் வால்ட் இறுதிச் சுற்று. இந்தியாவிலிருந்து உலக சாம்பியன்ஷிப் இறுதிக்கு வந்த முதல் ஆள் அவர்தான், ஐந்தாவதாக முடித்தார். 2016 ஏப்ரலில் ரியோவில் நடந்த தகுதிப் போட்டியில் 52.698 புள்ளி எடுத்து ஒலிம்பிக் இடத்தைப் பிடித்தார். ஒலிம்பிக்கில் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் ஆண்கள் கடைசியாக இறங்கியது 1964-ல். பெண்களில் அதற்கு முன் ஒருவரும் கிடையாது.

ரியோவில் தகுதிச் சுற்றில் எட்டாவதாக வந்து, எட்டுப் பேர் இறுதிக்குள் ஒட்டிக்கொண்டார். தகுதிச் சுற்று ஆகஸ்ட் 7, இறுதி ஆகஸ்ட் 14. நடுவில் ஒன்பதாம் தேதி அவருடைய 23-வது பிறந்தநாள். ஊரே வாழ்த்தத் துடித்தது. நந்தி அவர் போனிலிருந்து சிம் கார்டைக் கழற்றி வைத்துவிட்டார், அப்பா அம்மாவிடம் மட்டும் பேசலாம். இப்படி ஒரு வாத்தியார் எனக்கு வாய்த்திருந்தால் என்று அன்றைக்கு நினைத்தேன். என் சிஷ்யைகளுக்கு நான் அப்படி இருந்தேனா என்றும் நினைத்தேன்.

இறுதியில் முதல் தாவல் சுகஹாரா வகை (பக்கவாட்டில் திரும்பிக் கை ஊன்றி, பின்பக்கமாகக் கரணம் அடிப்பது), அதில் இரண்டு முழுத் திருகு, 14.866. இரண்டாவது புரொடுனோவா. கால் ஊன்றியதும் உடம்பு கீழே கீழே போய்க் கிட்டத்தட்ட மேட்டில் உட்கார்ந்து, எழுந்தார். 15.266. சராசரி 15.066. அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் 15.966 எடுத்துத் தங்கம், ரஷ்யாவின் மரியா பசேகா 15.253, சுவிட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டைன்க்ரூபர் 15.216. தீபா நான்காவது. வெண்கலத்துக்கும் அவருக்கும் இடையில் 0.150. புரொடுனோவாவில் அவர் கடினத்துக்கு வாங்கியது முழு 7.0, அழகுக்கு 8.266. சராசரி என்பதால் அந்த ஒரு தாவலில் 0.3 மிச்சம் பிடித்திருந்தால் வெண்கலத்தைத் தொட்டிருப்பார். அந்தக் கடைசிக் குந்தல் மேலே நின்றிருந்தால் போதும். நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தவளாகச் சொல்கிறேன், மார்க்கில் அநியாயம் இல்லை. எனக்கும் அன்றிரவு தூக்கம் வரவில்லை. எங்கள் தெருவில் பாதி வீட்டில் விளக்கு எரிந்தது.

அந்த ஆகஸ்டிலேயே அவருக்குக் கேல் ரத்னா, நந்திக்குத் துரோணாச்சாரியார் விருது. அடுத்த வருடம் பத்மஸ்ரீ. ரியோவிலிருந்து திரும்பிய கையோடு எம்.ஏ. பரீட்சையும் எழுதினார், இதை உங்கள் மாமியாருக்குச் சொல்லிவைக்கலாம். பரிசாக வந்த பி.எம்.டபிள்யூ காரைத் திருப்பிக் கொடுத்தார். அகர்தலா ரோடுக்கு அது சரிப்படாது, ரிப்பேர் பார்க்கவும் அங்கே இடம் இல்லை என்றார்கள். நம் ரோட்டில் எஸ்டேட் ஜீப்புக்கு வழி விட்டுப் பழகியவர்களுக்கு இது உடனே புரியும்.

அப்புறம் நடந்ததை யாரும் வீடியோ போடுவதில்லை, ஆனால் ஒரு தாய்க்கு அதுதான் முக்கியம். 2017-ல் முழங்காலின் உள்ளே இருக்கும் தசைநார் அறுந்தது, அறுவை சிகிச்சை. 2018 ஜூலையில் துருக்கியின் மெர்சினில் உலகச் சவால் கோப்பையில் வால்ட் தங்கம் எடுத்துத் திரும்பினார். நவம்பரில் ஜெர்மனியின் காட்பஸில் வெண்கலம். 2019-ல் மறுபடி முழங்கால். 2021 அக்டோபரில் எடுத்த மாதிரியில் ஹைஜெனமைன் என்ற தடைப் பொருள் இருந்ததாகத் தெரிந்து 21 மாதத் தடை, அது 2023 ஜூலையில் முடிந்தது. தெரியாமல் உட்கொண்டுவிட்டேன் என்பது அவர் தரப்பு. அந்தப் பொருள் சில செடிகளிலேயே இயற்கையாக இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் மூலிகைப் பொடி, சத்துமாவு, உடம்பு ஏற்றும் பவுடர் என்று வகை வகையாக விற்கிறார்கள். பிள்ளை மாநில அளவுக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து, லேபிள் இல்லாத எதையும் வாயில் போடக் கூடாது என்று இப்போதே பழக்குங்கள்.

தடை முடிந்து வந்த 30 வயதுப் பெண்ணிடம் யாரும் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. 2024 மே மாதம் தாஷ்கண்டில் ஆசிய சாம்பியன்ஷிப்பில் 13.566 எடுத்து வால்ட் தங்கம். அந்தப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம். மார்க்கைக் கவனியுங்கள், ரியோவைவிட ஒன்றரைப் புள்ளி குறைவு. முழங்காலை வைத்துக்கொண்டு எதைச் செய்ய முடியுமோ அதைச் சுத்தமாகச் செய்து ஜெயித்தார். எனக்கு ரியோவைவிட இதுதான் பெரிசு. அதே வருடம் அக்டோபரில் ஓய்வு.

இப்போது உங்கள் மகள். ஏழு வயது தாமதம் இல்லை. சர்வதேச சீனியர் போட்டிக்குப் பெண்களுக்கு அந்த வருடத்தில் 16 ஆகியிருக்க வேண்டும், தீபா ரியோவுக்குப் போனது 23-ல். அவசரப்பட ஒன்றும் இல்லை.

எங்கே சேர்ப்பது என்பதற்கு நேரான பதில்: ஊட்டியில் இருக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு ஒரு நடை போங்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியாளர் மாவட்டத்தில் யாராவது இருக்கிறாரா, இல்லை என்றால் அரசு விளையாட்டு விடுதித் தேர்வு எப்போது, எந்த வகுப்பிலிருந்து எடுக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தினமும் கோவைக்கு இறங்கி ஏறுவது நடக்காத காரியம். கோத்தகிரியிலிருந்து ஒரு வழிக்கே எழுபது கிலோமீட்டர், மலை இறக்கம் வேறு. வாந்தி எடுத்துக்கொண்டு வந்து இறங்கும் பிள்ளையிடம் பயிற்சியாளர் என்ன செய்ய முடியும்? வாரம் ஒரு நாள் போவதும் ஜிம்னாஸ்டிக்ஸுக்கு உதவாது. அதனால் விடுதி வயது வரும் வரை இங்கேயே அடித்தளம் போடுவதுதான் என் யோசனை.

அடித்தளம் என்றால் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். விழக் கற்பது முதல் பாடம். கையை நீட்டி ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு போகும். தோளை உருட்டி, முதுகை வளைத்து, உருண்டு எழ வேண்டும். கட்டிலை நிறுத்தச் சொன்னது இதற்காகத்தான். சிமெண்ட் தரையில் குதிக்கும் ஒவ்வொரு குதியும் வளர்கிற குதிகாலையும் முழங்காலையும் தின்னும். பிறகு சுவரில் கால் சாய்த்துத் தலைகீழ் நிற்பது, கம்பியில் தொங்குவது, கயிறு தாண்டுவது, உடம்பை வில்லாக வளைத்துப் பிடித்து நிற்பது. பீம் வேண்டுமா, தரையில் பத்து சென்டிமீட்டர் அகலத்துக்கு இரண்டு கோடு போடுங்கள், நீளம் ஐந்து மீட்டர். உண்மையான பீமின் அளவே அதுதான், உயரம் மட்டும் வரட்டும் பிறகு. பின்பக்கக் கரணத்தை யாரும், முக்கியமாக அந்த வீடியோ மாமா, சொல்லித் தரக் கூடாது.

மலைக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. கீழே பத்து நிமிடத்தில் உடம்பு சூடாகிவிடும். இங்கே மார்கழிக் காலையில் இருபத்தைந்து நிமிடம் ஆகும். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டே ஓடட்டும், வேர்த்த பிறகு கழற்றட்டும். பனி விழுந்த புல்லில் கரணம் வேண்டவே வேண்டாம், கை வழுக்கும். மதியம் காய்ந்த பிறகு ஆடட்டும்.

யார் பயிற்சியாளராக வந்தாலும் ஒரு நிபந்தனை போடுங்கள்: நீங்கள் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வந்து உட்காரலாம், கதவு மூடிய பயிற்சி கிடையாது, பிசியோ என்று யார் தொட்டாலும் பெண் ஒருவர் கூட இருக்க வேண்டும். சிகிச்சை என்ற பெயரில் பிள்ளைகளிடம் பாலியல் கொடுமை செய்த, அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் டாக்டராக இருந்த லாரி நாசருக்கு எதிராக 2018-ல் கோர்ட்டில் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் எழுந்து பேசினார்கள். பைல்ஸும் அவனால் பாதிக்கப்பட்டவர்களில் ஒருவர். 'உள்ளே வராதீர்கள், பிள்ளையின் கவனம் சிதறும்' என்று ஒருவர் சொன்னால், அவர் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

நீங்கள் அப்பாவின் சம்மதம் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அவரையும் மகளையும் ஒரு சனிக்கிழமை மதியத்துக்கு மேல் குன்னூருக்குக் கூட்டி வாருங்கள். வெயில் இருந்தால் எங்கள் வீட்டுப் பின்பக்கத்து முற்றத்தில் இரண்டு பழைய இலவம்பஞ்சு மெத்தை போட்டு வைக்கிறேன், பூஞ்சை இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டுத்தான். பிள்ளை எப்படி விழுகிறாள் என்று முதலில் பார்க்கிறேன்.